ஒரே செடியா, உடன்பிறப்பா? ஓர்கிட் சாடிகளுக்கு டி.என்.ஏ குறிப்பான் சொல்லக்கூடியவை

கேள்வி: கனகராயன்குளத்தில் நிழல்வலைக் கூடம் ஒன்றில் 63 சாடி ஓர்கிட் வளர்த்து வருகிறேன். பெரும்பாலானவை டென்ட்ரோபியம், பேராதனைப் பக்கத்திலும் கொழும்புப் பக்கத்திலும் வெவ்வேறு ஆட்களிடம், வெவ்வேறு பெயர்களில் வாங்கியவை. சென்ற வருடம் கடும் ஊதா ஒன்றையும் வெளிர் ஊதா ஒன்றையும் கலந்து பார்த்தேன். மூன்றாம் வாரத்தில் காய்கள் மஞ்சளாகி விழுந்துவிட்டன. இரண்டும் ஒரே செடிதான், பெயர்தான் வேறு என்கிறார் ஒருவர். டி.என்.ஏ பரிசோதனை செய்தால் என்னிடம் உண்மையில் எத்தனை வகை இருக்கிறது என்று தெரியுமா? எந்தப் பரிசோதனை, எதைக் கொடுக்க வேண்டும்? எங்கள் காணி எல்லையில் நிற்கும் பாலைமரத்தில் வாசமுள்ள வாண்டா ஒன்றும் இருக்கிறது. அதைக் கலப்புக்கு எடுக்கலாமா?

பதில்: சகோதரி, காய் விழுந்ததை வைத்து ஒரே செடிதான் என்று முடிவுகட்டவும் முடியாது, இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. ஆனால் உங்கள் சந்தேகம் மிகச் சரியான இடத்தில் எழுந்திருக்கிறது. டென்ட்ரோபியம் சாதியின் பல இனங்களில் தன்மகரந்தம் ஏற்காத இயல்பு இருக்கிறது. ஒரே செடியிலிருந்து பிரித்த இரு சாடிகளைக் கலப்பது, பெயர் எதுவாக இருந்தாலும், உயிரியல் கணக்கில் தன்மகரந்தச் சேர்க்கைதான். அந்த இயல்புள்ள செடியில் பூ விரைவில் வாடும், அல்லது காய் சற்று வீங்கிப் பின் மஞ்சளாகி விழும். நீங்கள் கண்டதும் இதுவாக இருக்கலாம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டென்ட்ரோபியத்தின் இயல்பான நிறமூர்த்த (குரோமோசோம்) எண்ணிக்கை 38, அதாவது 19 வீதம் இரண்டு தொகுதி. வெட்டுப்பூச் சந்தைக்காக உருவாக்கப்பட்ட கலப்பினங்களில் 57 நிறமூர்த்தங்கள் கொண்ட மும்மடியச் செடிகளும் 76 கொண்ட நான்மடியச் செடிகளும் தாராளமாகப் புழங்குகின்றன, ஏனென்றால் அவற்றின் பூ தடிப்பாகவும் நீடித்து நிற்பதாகவும் இருக்கும். மும்மடியச் செடியின் நிறமூர்த்தங்கள் மூன்று மூன்றாக இருப்பதால் புணரிகள் எனும் இனப்பெருக்கக் கலங்கள் உருவாகும்போது சமமாகப் பிரிய மாட்டா. மகரந்தமும் சூல்வித்தும் பெரும்பாலும் மலடாகும். அப்படியொரு செடியை எவ்வளவு தூரத்து உறவோடு கலந்தாலும் விதை கிடைப்பது அரிது. ஓர்கிட்டில் சூல்வித்துகளே மகரந்தச் சேர்க்கைக்குப் பிறகுதான் முழுமையாக வளரத் தொடங்குகின்றன. ஆகவே, காய் பெரிதாக வீங்கியும் உள்ளே முளைக்கக்கூடிய ஒரு விதைகூட இல்லாமல் போகலாம். இவற்றோடு வன்னியின் வெக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் நண்பகலில் மகரந்தம் வைத்தால் சூலகக் குறியின் பசை உலர்ந்துவிடும். காலை ஏழு மணிக்குள் வைத்துவிடுவதே நல்லது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பால் போக முடியவில்லை. கடும் ஊதா என்றும் வெளிர் ஊதா என்றும் நீங்கள் பிரித்த இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே நிழலில் பூத்தவையா? ஊதா நிறத்தைத் தரும் அந்தோசயனின் அதிக வெப்பத்தில் குறைவாகவே உருவாகும். ஒரே செடி கார்த்திகை மாரியில் கடும் நிறத்திலும் சித்திரை வெயிலில் வெளுத்தும் பூப்பது இயல்பு. வாங்கிய இடத்தில் குளிரான மலைக்காற்றில் பார்த்த நிறம் கனகராயன்குளத்தில் திரும்ப வராதது விற்றவரின் பிழையாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு சாடிகளையும் அருகருகே ஒரு பருவம் முழுவதும் வைத்துப் பாருங்கள். அந்த ஒப்பீட்டுக்கு ஒரு சதமும் செலவில்லை.

பெயர்ச்சீட்டைப் பற்றியும் ஒரு விளக்கம் வேண்டும். ஓர்கிட் உலகில் ஒரு கலப்பினத்துக்கு இடப்படும் பெயர், அந்தத் தாய்தந்தையரின் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவான குடும்பப்பெயர் போன்றது. 1961 முதல் இங்கிலாந்தின் ரோயல் ஹோர்ட்டிகல்ச்சரல் சொசைட்டி இந்தப் பதிவேட்டைப் பேணி வருகிறது. சந்தையில் எங்கும் காணப்படும் டென்ட்ரோபியம் 'சோனியா' என்பது 'சீசர்', 'டொமி டிரேக்' ஆகிய இரண்டையும் கலந்து பிறந்த அத்தனை நாற்றுகளுக்கும் உரிய பெயர். அதன் பின்னால் வரும் 17, 28 போன்ற எண்கள் அந்த நாற்றுகளிலிருந்து தெரிந்தெடுத்து இழையவளர்ப்பில் பெருக்கிய தனிச் செடிகளைக் குறிப்பவை. எண் இல்லாமல் 'சோனியா' என்று மட்டும் எழுதிய இரண்டு சாடிகள் ஒரே செடியின் பிரதிகளாகவும் இருக்கலாம், உடன்பிறப்புகளாகவும் இருக்கலாம். பெயர்ச்சீட்டு கைமாறும்போது தவறியிருந்தால் இரண்டும் இல்லாமலும் போகலாம். டி.என்.ஏ குறிப்பான் (செடிக்குச் செடி வேறுபடும் டி.என்.ஏ துண்டு) மிகத் துல்லியமாகத் தீர்த்து வைக்கக்கூடியது இந்த வகைக் கேள்வியைத்தான்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். கொரோனாக் காலத்தில் வன்னியில் பி.சி.ஆர். என்ற சொல்லைக் கேளாத வீடு இருந்திராது. அதே முறைதான் இங்கும்: டி.என்.ஏயின் ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் தெரிந்து, அதைக் கோடிக்கணக்கான பிரதிகளாகப் பெருக்குவது. கிருமி இருக்கிறதா இல்லையா என்பது அன்றைய கேள்வி. துண்டின் நீளம் செடிக்குச் செடி வேறுபடுகிறதா என்பது இன்றைய கேள்வி. பெருக்கிய துண்டுகளை ஜெல்லில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால் சிறிய துண்டு வேகமாகவும் பெரிய துண்டு மெதுவாகவும் நகர்ந்து, ஏணிப்படிகள் போலப் பட்டைகளாக நிற்கும். அந்தப் பட்டைகளை ஒப்பிடுவதே மீதி எல்லாம்.

முறைகளில் மலிவானது 1990ஆம் ஆண்டு அறிமுகமான ராப்ட். பெருக்கலைத் தொடங்கிவைக்கும், பத்து எழுத்து நீளமுள்ள குறுந்துண்டான தொடக்கியொன்றை ஏறத்தாழ 36 பாகை செல்சியசில் ஒட்டவிட்டு, எங்கெங்கு ஒட்டுகிறதோ அங்கெல்லாம் பெருகவிடுவார்கள். தாவரத்தின் டி.என்.ஏ ஒழுங்கைப் பற்றி முன்னறிவு தேவையில்லை என்பது அதன் பலம். அவ்வளவு தளர்வாக ஒட்டுவதால் இன்று வந்த பட்டை நாளை வராமல் போவது அதன் பலவீனம். ஓர்கிட் பற்றிய பழைய ஆய்வுகள் பல இதில்தான் நடந்தன. ஆனால் இன்று உங்கள் பணத்தை இதில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐ.எஸ்.எஸ்.ஆர். முறையும் முன்னறிவைக் கேட்பதில்லை. தொடக்கி நீளமானது, கூடிய வெப்பநிலையில் ஒட்டுவது, ஆகவே பட்டைகள் நம்பகமானவை. எஸ்.எஸ்.ஆர். எனப்படும் மைக்ரோசற்றலைற் முறை இவற்றிலிருந்து வேறுபட்டது. டி.என்.ஏயில் 'ஜி.ஏ.ஜி.ஏ.ஜி.ஏ' என்பதுபோல் ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு; எத்தனை முறை திரும்புகிறது என்பது செடிக்குச் செடி மாறும். அந்த இடத்தின் இருபுறமும் ஒட்டும் தொடக்கிகளைப் பயன்படுத்தி அந்த ஓரிடத்தை மட்டும் அளப்பார்கள். செடி தாயிடமிருந்து பெற்ற எதிருருவும் (அந்த இடத்தின் வடிவம்) தந்தையிடமிருந்து பெற்ற எதிருருவும் நீளத்தில் வேறுபட்டால் இரு தனிப் பட்டைகளாகத் தெரியும். ராப்ட்டும் ஐ.எஸ்.எஸ்.ஆரும் காட்டுவது பட்டை உண்டு அல்லது இல்லை என்பதை மட்டுமே. இரண்டு எதிருருவும் வேறான இதரநுகச் செடியையும் இரண்டும் ஒன்றேயான ஓரினநுகச் செடியையும் அவற்றால் பிரித்தறிய முடியாது.

உங்கள் கேள்விக்கு எஸ்.எஸ்.ஆர். தான் என் தேர்வு. டென்ட்ரோபியத்துக்கென்று வடிவமைத்த தொடக்கிகள் வெளியாகியிருக்கின்றன. நெருங்கிய இனங்களுக்கிடையே அவை பெரும்பாலும் மாற்றிப் பயன்படும். டி.என்.ஏயின் ஓர் எழுத்து மட்டும் மாறும் எஸ்.என்.பி. இடங்களை ஆயிரக்கணக்கில் படிக்கும் புதிய முறைகள் விதையினப்பெருக்க நிறுவனங்களுக்கு அருமையானவை. 63 சாடிக்கு அவை வேண்டியதில்லை.

எண்ணிக்கையின் பலத்தை ஓர் உதாரணக் கணக்கில் காட்டுகிறேன். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து எதிருருக்கள் சம அளவில் புழங்குகின்றன என்று கொள்வோம். உறவில்லாத இரண்டு செடிகள் தற்செயலாக ஓரிடத்தில் ஒத்துப்போகும் வாய்ப்பு 0.072. எட்டு இடங்களிலும் ஒத்துப்போகும் வாய்ப்பு ஏறத்தாழ 138 கோடியில் ஒன்று. ஆனால் அவை உடன்பிறப்புகளானால் ஓரிடத்தில் ஒத்துப்போகும் வாய்ப்பு 0.368 ஆக உயர்கிறது. எட்டு இடங்களிலும் ஒத்துப்போவது ஏறத்தாழ 3,000இல் ஒன்று. சந்தை ஓர்கிட்டுகள் நெருங்கிய உறவினர்கள். வெட்டுப்பூ டென்ட்ரோபியங்களில் பெரும்பாலானவை வட ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் உரிய டென்ட்ரோபியம் பிகிப்பமும் அதைச் சூழ்ந்த சில இனங்களும் மீண்டும் மீண்டும் கலந்து வந்த வழித்தோன்றல்கள். அதனால் நான்கு ஐந்து இடங்களை மட்டும் பார்த்துவிட்டு "ஒரே செடி" என்று எழுதித் தரும் அறிக்கையை ஏற்க வேண்டாம். எட்டுக்குக் குறையாமல், முடிந்தால் பன்னிரண்டு இடங்களைக் கேளுங்கள். ஓரிடத்தில் மூன்று பட்டைகள் வந்தால் அதைப் பிழையென்று தள்ளிவிடாமல் குறித்து வைக்கவும் சொல்லுங்கள். பல இடங்களில் மூன்று எதிருரு காட்டும் செடி பன்மடியமாக இருக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. அறிக்கையில் உங்களுக்கு மிகவும் பயன்படப்போகும் வரி அதுவாகவே இருக்கக்கூடும்.

ஐ.எஸ்.எஸ்.ஆர். மட்டுமே செய்ய வசதியுள்ள ஆய்வுகூடம் அமைந்தால் அறிக்கை ஒப்புமைக் குணகமாக வரும். முதற் செடியில் 42 பட்டைகள், இரண்டாவதில் 40, இரண்டுக்கும் பொதுவானவை 36 என்று வைத்துக்கொண்டால், முதலாவதற்கு மட்டும் உரியவை 6, இரண்டாவதற்கு மட்டும் உரியவை 4. பொதுவான 36ஐ மொத்தமான 46ஆல் வகுத்தால் 0.78. இதுவே ஜக்கார்ட் குணகம். இரண்டிலும் இல்லாத பட்டையை அது ஒற்றுமையாக எண்ணாது. அது சரியான முடிவு, ஏனென்றால் ஒரு பட்டை இல்லாமல் போக ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். இந்த எண்களிலிருந்து கிளைப்படம் ஒன்று வரைந்து தருவார்கள். எந்தத் தரவைக் கொடுத்தாலும் கணினி ஒரு கிளைப்படத்தை வரைந்தே தீரும் என்பதை மறக்காதீர்கள். கிளைகளில் பூட்ஸ்ட்ராப் எண் (தரவை மாற்றி மாற்றி எடுத்து வரைந்தால் அந்தக் கிளை நூற்றுக்கு எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது) போடப்பட்டிருக்கிறதா, அது 70க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்த பின்பே "இவை ஒரு கூட்டம், அவை வேறு கூட்டம்" என்று பேசலாம்.

இனி, எதைக் கொடுப்பது என்பது. 63 சாடியையும் அனுப்ப வேண்டாம். நீங்கள் கலப்புக்குத் தாயாகவோ தந்தையாகவோ எடுக்க நினைக்கும் இருபதைத் தெரிந்தெடுங்கள். அவற்றோடு, உங்கள் கையால் ஒரே சாடியிலிருந்து பிரித்து வைத்த இரண்டு சாடிகளைச் சேர்த்து, அவை இரட்டையர் என்பதை ஆய்வுகூடத்துக்குச் சொல்லாமல் வெவ்வேறு எண்களில் அனுப்புங்கள். அந்த இரண்டும் நூற்றுக்கு நூறு ஒத்து வந்தால் மற்ற முடிவுகளை நம்பலாம்; ஒத்து வராவிட்டால் அந்த வேறுபாட்டின் அளவே பரிசோதனையின் பிழை அளவு. இந்த ஒரு சூட்சுமம் பெரிய கருவிகளை விடப் பெறுமதியானது. சந்தேகத்துக்குரிய உங்கள் இரு ஊதாக்களும் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இலை எடுப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். ஓர்கிட்டின் தடித்த இலையில் பல்சக்கரைட்டுகள் நிறைந்த வழுவழுப்பு அதிகம். முதன்முதலாக ஒரு முற்றிய டென்ட்ரோபிய இலையை அரைத்து டி.என்.ஏ பிரித்தபோது, குழாயின் அடியில் வெள்ளை நூல்களுக்குப் பதிலாக, தொட்டால் நூல்விடும் கூழ் ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது, அதில் பி.சி.ஆர். ஓடவே இல்லை. அதன் பிறகு நான் இளம் இலையைத் தவிர வேறெதையும் எடுத்ததில்லை. புதிதாக விரிந்த இளம் இலையின் நுனியில் இரண்டு விரல் அகலத் துண்டு போதும். பாசியும் மருந்துப் படிவும் போக ஈரப்பஞ்சால் துடைத்து, ஒற்றி உலர்த்தி, சிறு கீற்றுகளாக வெட்டி, இலையின் எடையைப் போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லோடு சிறு கடுதாசி உறையில் இட்டு, அதை இறுக மூடும் பைக்குள் வையுங்கள். நீலமணி கலந்த சிலிக்கா ஜெல் வாங்கினால், நீலம் இளஞ்சிவப்பானதும் ஈரம் ஏறிவிட்டது, மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு நாளைக்குள் இலை முறுக்கினால் முறியும் பதத்துக்கு வர வேண்டும். வெயிலில் காயவைக்கவும் கூடாது. ஈரத்தோடு பொலித்தீனில் கட்டிப் பஸ்ஸில் அனுப்பவும் கூடாது, இந்த வெக்கையில் வவுனியா தாண்டுவதற்குள் அழுகிவிடும். எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மதுசாரம் பட்டால் கரைந்துவிடும்.

பிளேட்டை ஒவ்வொரு செடிக்கும் பிறகு சுடரில் காட்டியோ வெளிற்றும் திரவத்தில் நனைத்துக் கழுவியோ பயன்படுத்த வேண்டும். மாதிரி கலந்துவிடும் என்பது ஒரு காரணம். அதை விடப் பெரிய காரணம், சிம்பிடியம் மொசேக் வைரஸ் போன்ற நோய்கள் வெட்டும் அலகின் வழியாகவே சாடிக்குச் சாடி பரவுகின்றன. மருந்தில்லாத நோய் அது.

எங்கே கேட்பது? உங்களுக்கு அருகிலுள்ளது கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய உயிர்த்தொழினுட்ப நிலையத்தையும், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழினுட்ப நிறுவகத்தையும் கேட்டுப் பார்க்கலாம். கட்டணத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இறுதியாண்டு ஆய்வுக்குப் பொருள் தேடும் மாணவர் ஒருவருக்கு உங்கள் கூடம் நல்ல களமாகும். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மடிய நிலையை, அதாவது நிறமூர்த்தத் தொகுதிகள் எத்தனை என்பதை, அறிய நீங்களே செய்யக்கூடிய ஒரு முதற்சோதனை இருக்கிறது. இலையின் அடிப்பக்கத்தில் நிறமற்ற கியூடெக்ஸ் மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் ஒளிபுகும் ஒட்டுநாடாவால் உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டுங்கள். பக்கத்துப் பாடசாலையின் விஞ்ஞானகூட நுணுக்குக்காட்டியில் 400 மடங்கில் பார்த்தால் இலைவாய்களின் அச்சுத் தெளிவாகத் தெரியும். ஒரு பார்வைப்புலத்தில் எத்தனை இலைவாய்கள் என்று பத்து இடங்களில் எண்ணுங்கள். நிறமூர்த்த மடி கூடக்கூட இலைவாய்கள் பெரிதாகும், எண்ணிக்கை குறையும். அயற்சாடிகளோடு ஒப்பிட்டு ஒரு செடி தனித்துத் தெரிந்தால் அதைச் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். நிழலும் இலையின் வயதும் இந்த எண்ணை மாற்றும் என்பதால், ஒரே நிழலில் ஒரே நிலையிலுள்ள இலைகளையே ஒப்பிட வேண்டும். உறுதிப்படுத்துவது வேர்நுனியில் நிறமூர்த்தங்களை எண்ணுவதாலோ கலத்திலுள்ள டி.என்.ஏயின் அளவை அளக்கும் புளோ சைற்றோமெற்றி எனும் முறையாலோ.

அறிக்கை சொல்லாதவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இழையவளர்ப்பில் பெருகிய செடிகளிடையே சில வேளைகளில் நிறமோ இதழின் வடிவமோ மாறிய செடி தோன்றும். அந்த மாற்றம் டி.என்.ஏயில் ஓர் எழுத்தில் நேர்ந்திருக்கலாம். எழுத்தே மாறாமல் அதன் மேல் மெத்தில் படிவதாலும் நேரலாம். பன்னிரண்டு இடங்களை மட்டும் பார்க்கும் பரிசோதனைக்கு அது தென்படாது. உங்கள் இரு ஊதாக்களும் பன்னிரண்டு இடங்களிலும் ஒத்து வந்து, அருகருகே ஒரே நிழலில் வைத்தும் நிறம் வேறாகவே இருந்தால், ஒன்று மற்றதன் திரிபு என்பதே பொருத்தமான விளக்கம். அப்போதும் இரண்டையும் கலப்பதில் பயனில்லை. விற்பனைக்கு இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கலாம். எந்தச் செடி வன்னி வெயிலைத் தாங்கும், எது ஆண்டுக்கு அதிகக் கதிர் தரும் என்பதையும் இந்தக் குறிப்பான்கள் சொல்லா. அதற்கு உங்கள் கொப்பிதான் சான்று: பூத்த திகதி, கதிருக்கு எத்தனை பூ, எத்தனை நாள் நின்றது, யாரோடு கலந்தது, காய் எந்த நாளில் விழுந்தது.

முடிவு வந்ததும் தூரத்து உறவுகளையே கலக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இந்தக் கலப்பினங்கள் ஒவ்வொன்றும் பெரும்பாலான இடங்களில் இதரநுகமானவை. ஒரே காயின் விதையிலிருந்து வந்த நாற்றுகளே ஒன்றுக்கொன்று வியக்குமளவு வேறுபடும். உறவு மிக நெருங்கியவற்றைத் தவிருங்கள், மும்மடியத்தைத் தவிருங்கள், மிஞ்சியவற்றில் உங்கள் கூடத்தில் நன்றாக வளர்ந்தவற்றைக் கலந்து பாருங்கள். ஒவ்வொரு சோடியையும் இரு திசையிலும், ஒரு முறை இதைத் தாயாகவும் மறுமுறை அதைத் தாயாகவும், செய்ய வேண்டும். ஒரு திசையில் விழும் காய் மறுதிசையில் நிற்பதுண்டு.

பாலைமரத்து வாண்டாவுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது வாண்டா டெசலாட்டா ஆக இருக்கக்கூடும்: பச்சையும் பழுப்பும் கலந்த கட்டம் போட்ட இதழ், நீலம் அல்லது ஊதா ஓடிய உதடு, நல்ல வாசம். இந்தியாவிலும் இலங்கையின் உலர்வலயத்திலும் இயற்கையாக வளர்வது. டென்ட்ரோபியத்தோடு அதைக் கலக்க முடியாது. உறவு மிகத் தொலைவு. ஆனால் சாடியில் வளரும் வாண்டாக் கலப்பினங்களோடும், வாண்டாவின் கலப்பு உறவான மொக்காராக்களோடும் அதைக் கலக்க முயலலாம். வாசத்துக்காகவும் சிறிய உருவத்துக்காகவும் உலகெங்கும் இனப்பெருக்குநர்கள் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எங்கள் வெயிலில் தானாக வளர்ந்த அந்தச் செடியிடம், விலைக்கு வாங்கிய 63 சாடிகளிலும் இல்லாத எதிருருக்கள் இருக்கும் என்று நான் திடமாக நம்புகிறேன்.

ஆனால் அதை மரத்திலிருந்து பெயர்க்காதீர்கள், காட்டிலிருந்து வேறொன்றைக் கொண்டுவரவும் வேண்டாம். ஓர்கிட் குடும்பம் முழுவதும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ளது. பெயர்த்த செடி பிழைப்பதும் அரிது. உங்களுக்குத் தேவை மகரந்தம் மட்டும்தான். காலையில் ஏணி வைத்து ஏறி, புதிதாக விரிந்து மூன்று நான்கு நாளான பூவின் மூடியைப் பற்குச்சியால் மெல்ல உயர்த்தினால், மஞ்சள் மகரந்தத்திரள் அதன் காம்போடும் ஒட்டுத்தட்டோடும் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கீழே சாடியில் பூத்திருக்கும் வாண்டாவின் குறியில் வைத்து, திகதியையும் "தந்தை: பாலைமரம்" என்பதையும் சீட்டில் எழுதிக் கட்டுங்கள். மரத்தில் மீதிப் பூக்களை விட்டுவிடுங்கள். அவற்றுக்கு வர வேண்டிய பூச்சிகள் வரட்டும்.